காசே வேண்டாம் என்றவர் கடைசியில் 5 பவுண்டு கேட்டது ஏன்? யார் இந்த ராபர்ட் பர்ன்ஸ்?

டிசம்பர் 31 நள்ளிரவு மணி 12 அடித்ததும் உலகின் பல ஊர்களில் கைகோத்து நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள். அதுதான் 'ஆல்ட் லாங் சைன்'. தாகூர்கூட இதே மெட்டில் வங்க மொழியில் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். இதை உலகத்துக்குக் கொடுத்தவர் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ். அவர் வாழ்ந்தது வெறும் 37 வருஷம்தான்.

1759 ஜனவரி 25-ல் அல்லோவே கிராமத்தில் பிறந்தார். அப்பா குத்தகை விவசாயி. அம்மாவுக்கு நாட்டுப் பாடல்கள் அத்துப்படி. சின்ன வயசிலேயே பெரியவர்கள் செய்யும் வயல் வேலை எல்லாம் இவர் தலையில் விழுந்தது. அதுதான் பின்னாடி இதயத்தைப் பாதித்தது என்று பலர் கருதுகிறார்கள்.

1786-ல் கையில் காசில்லை. காதலி ஜீன் ஆர்மர் கர்ப்பம், ஆனா அவர் வீட்டில் பர்ன்ஸை ஏற்கவில்லை. ஜமைக்காவில் ஒரு தோட்டத்து வேலைக்குக் கப்பலேற முடிவு செய்தார். அடிமைகள் உழைத்த தோட்டம் அது. மனிதர்கள் எல்லோரும் சமம் என்று பின்னால் பாடியவர் அங்கே போகத் தயாராக இருந்தார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த ஜூலையில் கில்மார்னாக் ஊரில் அச்சான முதல் புத்தகம் அவரைத் தடுத்து நிறுத்தியது. மொத்தம் 612 பிரதிகள், விலை 3 ஷில்லிங். மளமளவென விற்றுத் தீர்ந்தது. ஜமைக்கா பயணம் கேன்சல். நேராக எடின்பரோ போனார்.

மொழிதான் பிரச்னை

எடின்பரோ பெரிய மனிதர்களுக்கு அப்போது சொந்தப் பேச்சே கூச்சம். ஆங்கிலத்தில் பேசும்போது ஸ்காட்ஸ் சொல் வந்துவிடக் கூடாது என்று தவிர்க்க வேண்டிய சொற்களுக்குப் பட்டியலே போட்டார்கள். (ஸ்காட்ஸ் வேறு, மலைப்பகுதி மக்களின் கேலிக் மொழி வேறு. இரண்டையும் குழப்பிக்க வேண்டாம்.) பர்ன்ஸையும் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னவர்கள் உண்டு. அவர் ஸ்காட்ஸை விடவில்லை.

அங்கேதான் ஜேம்ஸ் ஜான்சன் என்ற செதுக்கு அச்சுக்காரரைச் சந்தித்தார். மறைந்துபோகும் நாட்டுப் பாடல்களை மெட்டோடு அச்சிட வேண்டும் என்பது ஜான்சனின் ஆசை. பர்ன்ஸ் அதில் முழுசாக இறங்கிவிட்டார். 1787-ல் ஸ்காட்லாந்தைச் சுற்றினார், புகழ்பெற்ற பிடில் கலைஞர் நீல் கோவைச் சந்தித்தார். ரீல், ஸ்ட்ராத்ஸ்பே போன்ற ஆட்ட மெட்டுகளுக்கு வரி எழுதினார். வேலை செய்யும் முறை எளிது: மெட்டு மனசில் பதியும் வரை முணுமுணுப்பார், பிறகுதான் சொல். அரைகுறையாகக் கிடைத்த பழைய பாட்டுகளுக்கு மிச்ச வரிகளைச் சேர்த்தார். எது பழசு, எது அவருடையது என்று இன்றைக்கும் பல பாட்டுகளில் பிரிக்க முடியாது.

ஜான்சனின் 6 தொகுதிகளில் 600 பாட்டு. சுமார் 200 பர்ன்ஸ் வழியாக வந்தவை. ஒரு பைசா வாங்கவில்லை.

இத்தனைக்கும் வீட்டில் வசதி இல்லை. ஜீனைக் கல்யாணம் செய்து, விவசாயம் கைகொடுக்காமல், 1789-ல் கலால் அதிகாரியாகச் சேர்ந்தார். வரி வசூலுக்காக வாரத்துக்கு சுமார் 200 மைல் குதிரைச் சவாரி, ராத்திரியில் பாட்டு. ஜார்ஜ் தாம்சன் என்ற இன்னொரு தொகுப்பாளர் 1793-ல் 5 பவுண்டு அனுப்பியபோது, இனி இப்படிச் செய்யக் கூடாது என்று கோபமாக எழுதினார்.

மூன்று வருஷம் கழித்து அதே தாம்சனிடம் அதே 5 பவுண்டைக் கேட்க வேண்டி வந்தது. தொண்டர் படைச் சீருடைக்கு வாங்கிய துணிக் கடன் பாக்கி, சிறைக்குப் போக வேண்டியிருக்குமோ என்ற பயம். படுத்த படுக்கை. குளிர்ந்த கடல் நீரில் நின்று குளிக்கச் சொன்ன வைத்தியம் வேறு. தாம்சன் பணத்தை அனுப்பினார். ஆனா 1796 ஜூலை 21-ல் டம்ஃப்ரீஸில் பர்ன்ஸ் இறந்துபோனார். 25-ம் தேதி இறுதிச் சடங்கு. அன்றைக்குத்தான் ஜீனுக்கு மகன் மேக்ஸ்வெல் பிறந்தான்.

'ஆல்ட் லாங் சைன்' பாட்டை ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதியதாக பர்ன்ஸ் சொல்லியிருந்தார். அது ஜான்சன் தொகுதியில் வந்தது அவர் இறந்த பிறகு. இப்போது நாம் கேட்கும் மெட்டோடு அதை 1799-ல் அச்சிட்டவர் தாம்சன்.

1801-ல் நண்பர்கள் 9 பேர் அல்லோவே வீட்டில் அவர் நினைவு நாளில் கூடிச் சாப்பிட்டார்கள். அதுதான் முதல் 'பர்ன்ஸ் விருந்து'. இப்போது ஒவ்வொரு ஜனவரி 25-ம் தேதியும் ஆட்டின் ஈரல், இதயம், ஓட்ஸ் சேர்த்துச் சமைத்த ஹேகிஸோடு அது நடக்கிறது. ஹேகிஸைப் பார்த்து அவர் எழுதிய கவிதையை வாசிக்கும்போதே அதில் கத்தி வைப்பார்கள்.