ஜே. சி. குமரப்பா

தஞ்சை மாநகரில் 1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் தோன்றியவர் குமரப்பா. இலண்டனிற் கணக்காய்வு கற்றுப் பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். பின் அமெரிக்காவிற் பொருளியல் பயின்றார். 1929-இல் காந்தியடிகளைக் கண்டபின், மேனாட்டு உடையும் பெருவருவாயும் துறந்து கதர் பூண்டார். 1934-இல் எழுந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளராகிச் செக்கெண்ணெய், கைக்குத்தலரிசி, கைக்காகிதம் முதலிய தொழில்களை வார்தாவிலிருந்து வளர்த்தார்.

உலகையும் அவர் கணக்கர் கண்கொண்டே நோக்கினார். ஆற்றுநீரும் கானகமும் நாளும் வரும் வருவாய். நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கக் குறையும் முதல். முதலை உண்டு வாழும் நாடுகள், அது குறையுங்கால் பிறர் பொருளுக்குப் போர் தொடுக்கும் என்பது அவர் துணிபு. சிறையிலிருந்து எழுதி 1945-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இதனை விளக்கினார்.

மதுரையை அடுத்த கல்லுப்பட்டியில் கிராமப்பணி ஆற்றி, 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில் இயற்கை எய்தினார்.

அவர் அஞ்சியது போரை. அம்முதலை எரித்த புகையால் உலகே வெம்மையுறுவதை இன்று காண்கின்றோம். மாணவ நண்பர்காள்! விடுதியில் வீணே எரியும் விளக்கும், ஓரிரு கல் தொலைவிற்கும் நாம் ஏறும் வண்டியும் எக்கணக்கிற் சேர்வன? அதனை இன்றே எழுதிப் பார்ப்போமாக.