அன்னா சேகர்ஸின் ஏதிலி வாழ்வும் ‘டிரான்சிட்’ புதினமும்

போர்க்கால ஏதிலியரைப் பாடுபொருளாகக் கொண்ட புதினங்களுள் ‘டிரான்சிட்’ குறிப்பிடத்தக்கது. அதனை இயற்றிய அன்னா சேகர்ஸ், 1900இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் நெட்டி ரைலிங். 1924இல் ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றிய 1933இல் நாடு நீங்கிப் பாரிசில் தஞ்சம் புகுந்தார். 1940இல் பாரிசும் வீழ்ந்தது. கணவர் லெ வெர்னே தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தார். இரு குழந்தைகளுடன் தெற்கே தப்பிச் சென்ற அவர், மார்சேய்த் துறைமுக நகரில் பயண ஆவணங்களுக்காக அலைந்தார்.

சேரும் நாட்டின் நுழைவிசைவு, இடைவழி நாடுகளைக் கடக்கும் இசைவு, பிரான்சை விட்டு வெளியேறும் அனுமதி, கப்பல் பயணச்சீட்டு ஆகிய யாவும் ஒருசேரக் கைக்கு வர வேண்டும். ஒன்று கிடைக்குமுன் மற்றொன்று காலாவதியாகிவிடும். 1941 மார்ச்சில் அக்குடும்பம் கப்பலேறி, பின்னர் மெக்சிகோவை அடைந்தது. ஜெர்மனியை விட்டு வெளியேற இயலாத தாய், 1942இல் போலந்தின் பியாஸ்கிக்கு நாடுகடத்தப்பட்டு மாண்டார்.

1944இல் வெளிவந்த ‘டிரான்சிட்’ போர்க்களத்தைக் காட்டுவதில்லை. இறந்துபோன எழுத்தாளர் ஒருவரின் பெயரில் ஆவணம் பெறும் ஏதிலியின் காத்திருப்பையே கதையாக்குகிறது. சேகர்ஸ் 1947இல் பெர்லின் திரும்பி, 1983இல் அங்கேயே மறைந்தார். மகளுக்குக் கிடைத்த வழி தாய்க்குக் கிடைக்கவில்லை என்பதை உடன்வைத்து வாசிக்கும்போதே அக்காத்திருப்பின் கனம் முழுமையாகப் புலப்படும்.