தள்ளப்பட்ட பிள்ளைகளுக்குத் தாயானவர்
(டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சரிதை)



ஒருவருக்குள் இறைவன் வைத்திருக்கும் வரம் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. சாதி மறைக்கும், பிறப்பு மறைக்கும், ஊர்ப்பேச்சு மறைக்கும். அப்படி மறைந்து போயிருக்க வேண்டிய ஒரு பெண்பிள்ளையின் சரிதை இது.

இன்று மாவட்டமாக இருக்கும் புதுக்கோட்டை அந்நாளில் தொண்டைமான் அரசர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். அங்கே 1886 ஜூலை 30ந் தேதி முத்துலட்சுமி பிறந்தார். தகப்பனார் நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் தலைமை ஆசிரியராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசிக் குலம் என்று சொல்லப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். அந்த அம்மாளை மனைவியாக ஏற்றதால் அய்யரை அவருடைய சொந்தத்தார் ஒதுக்கி வைத்தார்கள். சந்திரம்மாளின் நல்ல குணத்தை ஒதுக்கியவர்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவருடைய குலம் ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. தோள்சீலை போடத் தடையிருந்த தென்திருவிதாங்கூர்க் கதையை முன்னோர் சொல்லக் கேட்டு வளர்ந்த அன்பு மக்களுக்கு இந்த வேதனையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்று ஒரு கணக்கு தகப்பனாருக்கும் இருந்தது. பள்ளி ஆசிரியர்களோ பிள்ளையின் ஆர்வத்தைக் கண்டு, அவர் வகுத்ததற்கு மேலும் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மறைந்து கிடந்த வரத்தை முதலில் கண்டுகொண்டவர்கள் அவர்களே. பருவம் வந்ததும் வழக்கப்படி பள்ளி நின்றது. தாயார் மாப்பிள்ளை தேட வேண்டும் என்று கவலைப்பட்டார். மகளின் மனமோ புத்தகத்தில் இருந்தது. இதற்குள் தகப்பனாரும் மனம் மாறி, வீட்டிலேயே படிப்பைத் தொடரச் செய்தார். முத்துலட்சுமி மெட்ரிகுலேஷன் தேறினார்.

அடுத்தது கல்லூரி. மகாராஜா கல்லூரியில் அதுவரை பெண் யாரும் படித்ததில்லை. ஒரு பெண் உள்ளே வந்தால், அதிலும் இன்ன குலத்துத் தாயின் மகள் வந்தால், பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் மகாராஜா அதைத் தள்ளிவிட்டு அனுமதி கொடுத்தார். இந்த மகாராஜா பட்டத்துக்கு வந்ததும் முத்துலட்சுமி பிறந்த அதே 1886ல்தான். அவர் ஆட்சியில் நடந்த எத்தனையோ காரியங்கள் மறந்து போயிருக்கும். இந்த ஓர் உத்தரவு மட்டும் பல்லாயிரம் பேருக்கு உயிர்ப்பிச்சையாக விளைந்தது.

1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912ல் பரிசுகளும் பதக்கங்களுமாகத் தேறி வெளியே வந்தார். எழும்பூர் அரசு மருத்துவமனையில் பணி செய்தார். 1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். கணவனும் மனைவியும் சரிசமம், மனைவியின் விருப்பத்துக்குக் கணவர் குறுக்கே நிற்கக்கூடாது என்பது அம்மையார் வைத்த நிபந்தனை. சுந்தர ரெட்டி அதற்குச் சம்மதித்து மணந்தார். அந்தக் காலத்தில் அப்படிச் சம்மதித்த ஆண்மகனின் பெருந்தன்மையையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது.

1926ல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் அவரே. அங்கே அவர் கையில் எடுத்தது தாயார் குலத்தின் கண்ணீர். சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அப்போது இருந்தது. பொட்டுக்கட்டிய பெண்ணுக்குத் திருமணம் கிடையாது. பெரிய இடத்து ஆண்களுக்கு இரையாவதே அவளுக்கு விதி என்றாகியிருந்தது. இது வெறும் பக்தி வழக்கமாக மட்டும் நிலைத்திருக்கவில்லை. கோயில் ஊழியத்துக்காக அந்தக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் விடப்பட்டிருந்தது. ஊழியத்துக்கு ஒரு மகளை விடாவிட்டால் நிலம் போய்விடும். வயிற்றுச் சோற்றுக்காகவே தாய்மார் பெண்ணைக் கொடுத்தார்கள். அம்மையார் இந்த முடிச்சைச் சரியாகக் கண்டார். ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் குடும்பத்துக்கே உரியது என்று 1929ல் சட்டம் வந்தது அவர் முயற்சியால்தான். பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவையும் கொண்டுவந்தார்.

இதில் அவருக்கு எதிராக நின்றவர்கள் கெட்டவர்கள் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. தேவதாசிப் பெண்களிலேயே பலர் எதிர்த்தார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குத் தம் சொந்தப் பொருளால் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். இசையையும் நாட்டியத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் எங்களை ஒரே சொல்லில் வேசியர் என்பதா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கலையும் தெய்வம் கொடுத்த வரமே. அதற்கு உரிய மதிப்பு அந்தச் சச்சரவில் கிடைக்கவில்லை. மறுபக்கம், அதே குலத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், தாம் பட்டதை இன்னொரு பெண் படக்கூடாது என்று ஊர் ஊராகப் பேசி இந்த முயற்சிக்குத் துணை நின்றார். பொட்டுக்கட்டைத் தடுக்கும் சட்டம் 1947ல்தான் நிறைவேறியது.

காந்தியடிகள் 1930ல் கைதானபோது அம்மையார் பதவியைத் துறந்தார். பதவி இல்லாத அந்த நாட்களில்தான் பெரிய சோதனை வந்தது. பொட்டுக்கட்டிலிருந்து தப்பி வந்த சில இளம்பெண்கள் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. சட்டமன்றத்தில் பேசுவது ஒன்று, வீட்டுக் கதவைத் திறப்பது வேறொன்று. அம்மையார் கதவைத் திறந்தார். தம் பிள்ளைகள் வளரும் வீட்டிலேயே அவர்களுக்கும் இடம் கொடுத்துப் படிக்க வைத்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. வீதியில் கெட்டுப்போகும் என்று ஊர் முடிவு கட்டிய பிள்ளைகளைப் பாடமும் தொழிலும் கற்கக்கூடியவர்கள் என்று அவர் நம்பினார். அவரையும் ஒரு நாள் ஊர் அப்படித்தானே சொன்னது!

இன்னொரு துயரமும் அவரை விடாமல் துரத்தியது. அவருடைய தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோனது. மருத்துவரான அக்காளால் காப்பாற்ற முடியவில்லை. 1925ல் லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில் புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இருப்பதைக் கண்டார். இங்கே அப்படி ஒன்று வேண்டும் என்று அன்று கொண்ட எண்ணம் கைகூட ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின. இந்த நோய் வந்தவர் எப்படியும் போகப் போகிறவர், அவருக்கு ஏன் செலவு என்று நினைத்த காலம் அது. போகப் போகிறவருக்கும் வலி உண்டு என்பது அம்மையாருக்குத் தெரியும். வீடு வீடாகப் பணம் திரட்டினார். 1954ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. 12 படுக்கைகள், குடிசை போன்ற கட்டடம். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதில் பணியேற்றார். மறு ஆண்டு டாக்டர் சாந்தா என்ற இளம் பெண், கைக்கு வந்த அரசு வேலையை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தார். தம் ஆயுள் முழுவதையும் அந்த நோயாளிகளுக்கே கொடுத்து, 2021ல்தான் ஓய்ந்தார்.

முத்துலட்சுமி அம்மையாருக்கு 1956ல் பத்மபூஷண் விருது வந்தது. 1968 ஜூலை 22ந் தேதி, 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கையில், அவர் காலமானார். இன்று ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் மகப்பேறு உதவித்தொகை அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது. திருமயத்திலும் அறந்தாங்கியிலும் கந்தர்வகோட்டையிலும் கைக்குட்டையில் ஆதார் அட்டையைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நிற்கும் பெண்கள் கையெழுத்துப் போடும் விண்ணப்பத்தில், அவர்கள் ஊரில் பிறந்த சந்திரம்மாள் மகளின் பெயர் இருக்கிறது.