திப்புவின் இரும்பு வாணம்

குறிஞ்சிப்பிட்டிக் கரையிலே என் மாணாக்கர் விட்ட காகித வாணமொன்று மேலெழாமலே வெடித்துச் சிதறிற்று. மைசூர்த் திப்பு சுல்தானை நினைத்தேன். தந்தை ஹைதர் அலியோடு அவர் கையாண்ட வாணத்தின் உடல் இரும்புக் குழாய். மருந்தின் அழுத்தத்தை அது தாங்கிற்று. ஆதலின் நெடுந்தூரம் பாய்ந்தது. திசை பிறழாதிருக்க நீண்ட மூங்கிற்கழியை வாரினாற் பிணித்தனர். 1780இல் காஞ்சிக்கு அணித்தான பொள்ளிலூரில் கும்பினிப் படை கலங்கிற்று.

1782இல் அரசெய்திய திப்புவுக்கு, 1792இல் பாதி நாட்டோடு இரு மைந்தரையும் பிணையாகக் கொடுக்க நேர்ந்தது. தந்தையாகிய எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. 1794இல் மைந்தர் மீண்டனர். 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணத்துக் கோட்டை வீழ, ஓடாது பொருது மாண்டார். அவர் செயல்களுள் எனக்கு உடன்பாடில்லாதனவும் உண்டு. அம்முடிவை அவற்றோடு சேர்த்தெண்ண மனம் வரவில்லை.

வென்றோர் அவர் வாணங்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோயினர். வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆராய்ந்தே தம் வாணங்களைச் சமைத்தார்.