காது கொடுக்கக் கற்றுத்தந்த அம்மையார்

பிள்ளைக்கு மூன்று வயது நிரம்பியதும் மொன்ரிசோரிக்கு விட்டாயிற்றா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. சந்திக்குச் சந்தி அந்தப் பெயர்ப்பலகை தொங்குகின்றது. ஆயினும், வாசகரே, மொன்ரிசோரி என்பது ஒரு பள்ளிக்கூட வகையின் பெயரல்ல, ஒரு தாயின் பெயர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்று வயதுப் பிள்ளையின் கையில் கொப்பியைத் திணித்து, பெற்றோர் தினத்தன்று பொருள் விளங்காத பாட்டொன்றை மேடையில் ஒப்புவிக்கச் செய்வதற்கும் அந்த அம்மையாருக்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளை கதைப்பதற்கு முன் கேட்கப் பழக வேண்டும், அதற்கு முன் பெரியவர்கள் பிள்ளையைக் கேட்கப் பழக வேண்டும் என்பதே அவருடைய கட்சி.

மரியா மொன்ரிசோரி 1870ஆம் ஆண்டு ஆவணி மாதம் 31ஆம் நாள், இத்தாலியின் அங்கோனாப் பகுதியிலுள்ள கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசாங்க உத்தியோகத்தர். தாய் றெனில்டே படித்த பெண்மணி. ஒரே பிள்ளை. குடும்பம் உரோமை நகருக்குக் குடிபெயர்ந்தபின் மரியா அங்கே படித்து, 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் மருத்துவர் இவரே என்று பலர் எழுதிவருகின்றனர். அது சரியன்று. அவருக்கு முன்னும் சில பெண்கள் அந்நாட்டில் மருத்துவராயிருந்தனர். முதல்வர் சிலருள் ஒருவர் என்பதே உண்மை, அதுவே போதிய பெருமை.

உரோமையின் மனநோய் மருத்துவப் பகுதியிற் பணிபுரிந்த காலத்தில், பைத்தியக்காரர் விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்த மூளைவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை அவர் கண்டார். அவர்களுக்கு விளையாட ஒரு பொருளில்லை, பேச ஆளில்லை. இவர்களுக்குத் தேவைப்படுவது மருந்தைவிடக் கல்வியே என்று அவருக்குப் பட்டது. பிரான்சு தேசத்து மருத்துவர்களான இத்தார், செகேன் என்பவர்களின் நூல்களைத் தேடி எடுத்தார். இத்தார் செவிடர் பாடசாலையிற் பணியாற்றியவர். காட்டிலே கண்டெடுக்கப்பட்ட பேச்சறியாத சிறுவன் ஒருவனைப் பழக்க முயன்றவர். செகேன் அவருடைய மாணாக்கர். இவ்விருவருடைய எழுத்துக்களையும் அம்மையார் இத்தாலிய மொழியிலே தம் கைப்படப் பெயர்த்தெழுதினார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி உணரவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தாராம். 1900ஆம் ஆண்டு இத்தகைய பிள்ளைகளுக்கான பயிற்சிக்கூடமொன்று அவர் பொறுப்பில் வந்தது. எழுத வாசிக்கக் கற்ற அப்பிள்ளைகளிற் சிலர், ஏனைய பிள்ளைகளோடு பரீட்சைக்கிருந்து சித்தியும் அடைந்தனர். ஊரே அவரைப் புகழ்ந்தது. அவருக்கோ வேறொரு கேள்வி எழுந்தது: குறையுள்ள பிள்ளைகள் இவ்வளவு தூரம் வரமுடியுமானால், குறையில்லாத பிள்ளைகளைப் பாடசாலைகள் என்ன செய்து வைத்திருக்கின்றன?

1907ஆம் ஆண்டு தை மாதம் 6ஆம் நாள், மூவிராசாக்கள் திருநாளன்று, உரோமையின் சான் லொறென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் முதலாவது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. தாய்தந்தையர் விடியற்காலையில் கூலிவேலைக்குப் போய்விட, வீட்டுச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கும் பிள்ளைகளை ஓரிடத்தில் அடைத்துவைக்க வேண்டும் என்பதே கட்டடச் சொந்தக்காரரின் நோக்கம். ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், மூன்று வயது முதல் ஆறு வரை. அழுமூஞ்சிகள், பயந்தவர்கள், கேட்டால் வாய் திறவாதவர்கள். பெற்றோரிற் பலருக்கு எழுத்து வாசனையே கிடையாது.

அங்கே ஒருநாள் நடந்ததை நீங்கள் கேட்கவேண்டும். அம்மையார் உள்ளே வரும்போது முற்றத்தில் ஒரு தாய் தன் நான்கு மாதக் கைக்குழந்தையோடு நின்றாள். துணியால் இறுகச் சுற்றப்பட்ட குழந்தை அசையாமல், அழாமல் கிடந்தது. அம்மையார் அதை வாங்கி வகுப்புக்குள் கொண்டுபோனார். இந்தக் குழந்தை எவ்வளவு அமைதியாயிருக்கிறது பாருங்கள், அதன் மூச்சுக்கூடக் கேட்கவில்லை, உங்களில் ஒருவராலும் இப்படியிருக்க முடியாது என்று பகிடியாகச் சொன்னார். ஆனால் பிள்ளைகள் சிரிக்கவில்லை. காலை ஒடுக்கினர். கையை ஒடுக்கினர். தம் மூச்சையே கவனித்து மெதுவாக விட்டனர். அறையில் அதுவரை எவரும் கேட்டிராத மணிக்கூட்டின் ஓசை கேட்கத் தொடங்கியது.

அன்று தற்செயலாக நடந்ததை அம்மையார் ஒரு பயிற்சியாக வளர்த்தார். பிள்ளைகளின் செவிப்புலனைச் சோதிக்க விரும்பி, அவர்களை அமைதியாக இருக்கவைத்து, தூரத்தில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் மூச்சோடு மூச்சாக, மிக மெல்லிய குரலில் அழைத்தார். பெயரைக் கேட்ட பிள்ளை கதிரை அரையாமல் எழுந்து, நுனிக்காலில் நடந்து அவரிடம் வரவேண்டும். நாற்பது பிள்ளைகள் வரையில் இருந்தனர். கடைசிப் பிள்ளையின் முறை வருமட்டும் எவ்வளவு நேரம்! இவ்வளவு பொறுமைக்கு ஏதாவது கொடுக்கவேண்டுமே என்று எண்ணி அவர் இனிப்புக்கள் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் வாங்க மறுத்துவிட்டனர். தின்பண்டத்தால் அந்த இனிய அனுபவத்தைக் கெடுத்துவிடாதீர்கள் என்று அவர்கள் சொல்வதுபோல அவருக்குத் தோன்றியது.

இதை நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும். நம் வீடுகளில் பிள்ளையின் பெயர் எப்போது உச்சரிக்கப்படுகிறது? கிணற்றடியிலிருந்து சத்தமிட்டுக் கூப்பிடும்போதும், ஏசும்போதுமே பெரும்பாலும். வகுப்பறையிலும் அவ்வாறே. வாயை மூடு என்று பிரம்பால் மேசையில் தட்டிப் பெறும் அமைதி ஒருவகை. பிள்ளை ஏதோ ஒன்றைக் கேட்கவேண்டும் என்ற ஆசையால் தானே உண்டாக்கும் அமைதி வேறுவகை. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலிருக்கும். முன்னையதில் பிள்ளையின் காது அடைபட்டிருக்கிறது, பின்னையதில் திறந்திருக்கிறது. செபத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கும் பெற்றோருக்கும் மறைக்கல்வி ஆசிரியருக்கும் இந்த வேறுபாடு மிகவும் வேண்டியது என்பது என் எண்ணம்.

காதைக் கூர்மையாக்க அவர் வேறு சாதனங்களும் செய்தார். சின்னஞ்சிறு மூடிய பெட்டிகளில் மணல், சிறுகல் என்று வெவ்வேறு பொருள்களை இட்டு, குலுக்கிப் பார்த்து ஒரே ஓசையுடையவற்றைச் சோடி சேர்க்கச் செய்வது அவற்றுள் ஒன்று. வெறும் பேணிகளில் அரிசியும் பயறும் மணலும் போட்டு எந்தத் தாயும் இதைச் செய்துகொள்ளலாம், காசு செலவில்லை.

சொற்களைக் கற்பிப்பதற்கு செகேனிடமிருந்து எடுத்துக்கொண்ட மூன்று படிகளை அவர் கையாண்டார். சிவப்பு நிறமும் நீல நிறமும் கற்பிக்கவேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொன்றையும் காட்டி அதன் பெயரை மட்டும் தெளிவாகச் சொல்வது. அடுத்து, சிவப்பைத் தா, நீலத்தைத் தா என்று கேட்பது. இங்கே பிள்ளை பேசவேண்டியதில்லை. கேட்டு, விளங்கி, எடுத்துத் தந்தாற் போதும். இந்தப் படியில்தான் நெடுநேரம் நிற்கவேண்டும். கடைசியாகவே ஒன்றைக் காட்டி, இது என்ன என்று கேட்பது. பிள்ளை பிழையாகச் சொன்னால் திருத்தவோ, திரும்பத் திரும்பச் சொல்லவைக்கவோ கூடாது. பேசாமல் எடுத்துவைத்துவிட்டு இன்னொரு நாள் தொடங்கவேண்டும். நம்மிற் பலர் செய்வது என்ன? முதற்படி முடிந்த கையோடு மூன்றாவதற்குத் தாவிவிடுகின்றோம். எங்கே சொல்லு பார்ப்பம், மாமாவுக்குச் சொல்லிக் காட்டு என்று பிள்ளையை நெருக்குகின்றோம். பிள்ளை தாயின் சீலைக்குள் முகத்தை மறைத்துக்கொள்கிறது. வெட்கம் என்கின்றோம்.

ஆசிரியர் பேசும் பேச்சு அளவாயிருக்கவேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். இரைச்சலுக்கும் இனிய ஓசைக்குமுள்ள வேறுபாட்டைக் கற்பிக்க முயன்ற ஓர் ஆசிரியையைப்பற்றி அவர் எழுதியிருப்பது நல்ல வேடிக்கை. அந்த ஆசிரியை நீண்ட கதையொன்றைத் தொடங்குகிறார். முன்னேற்பாட்டின்படி யாரோ கதவைப் படபடவென்று தட்டுகிறார். ஆசிரியை திடுக்கிட்டவர்போல் நடித்து, கதையை மறந்துபோனேன் என்கிறார். பிறகு துணியிற் சுற்றி ஒளித்துவைத்திருந்த மன்டலின் வாத்தியத்தைக் குழந்தையை ஏந்துவதுபோல எடுத்து மீட்டுகிறார். பிள்ளைகளின் மனதில் எஞ்சியது மறந்துபோன கதையும் ஆசிரியையின் நடிப்பும்தான். இரண்டே ஓசைகளைக் கேட்கச் செய்திருந்தால் ஒரு நிமிடத்தில் பாடம் முடிந்திருக்கும்.

எழுத்தைக்கூட அவர் காது வழியாகவே கற்பித்தார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவும்போது, ஆசிரியை அதன் ஒலியைச் சொல்வார். கொஞ்சநாளில் ஒரு சிறுவன், சோபியா என்னும் பெயருக்கு என்னென்ன ஒலிகள் வேண்டுமென்று தனக்குத்தானே முணுமுணுத்தபடி நடந்து திரிந்தான். தன் வாயிலிருந்து வரும் சொல்லைத் தானே கேட்டுப் பிரிக்கப் பழகிவிட்டான். அவ்வாண்டு மாரிகாலத்தில், யாரும் கட்டாயப்படுத்தாமலே பிள்ளைகள் நிலத்திலும் சுவரிலும் சுண்ணக்கட்டியால் எழுதத் தொடங்கினர். செய்தி ஐரோப்பா எங்கும் பரவியது. 1909இல் அவருடைய நூல் வெளிவந்தது. பிறகு அமெரிக்கா, ஸ்பெயின் என்று பயணங்கள், புகழ், எதிர்ப்பு. அவற்றை விரித்துக்கொண்டிருக்க இங்கு இடமில்லை.

ஒன்றை மட்டும் விடமுடியாது. 1908ஆம் ஆண்டு மார்கழி 28ஆம் நாள் அதிகாலையில் மெசினா நகரைப் பூமியதிர்ச்சியும் கடற்பெருக்கும் அழித்தன. அநாதையான பிள்ளைகளில் ஏறத்தாழ அறுபது பேர் உரோமைக்குக் கொண்டுவரப்பட்டு, மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகளின் மடத்தில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் பெயர்கூட எவருக்கும் தெரியாது. பேசமாட்டார்கள், உண்ணமாட்டார்கள், இரவில் அலறுவார்கள். நமது கரையோரக் குடும்பங்களுக்கு 2004 மார்கழிக்குப்பின் இதை விளக்கவேண்டியதில்லை. அச்சகோதரிகள் அம்மையாரின் முறையைக் கைக்கொண்டு, பிள்ளைகளைக் கேள்விகேட்டு நெருக்காமல், மேசை துடைத்தல், பாத்திரம் அடுக்குதல், தோட்டவேலை என்று சின்ன வேலைகளை அழகாகச் செய்யப் பழக்கினர். படிப்படியாகப் பசி வந்தது, உறக்கம் வந்தது. பின்பு ஓட்டமும் சிரிப்பும் வந்தன. பேச்சைப் பிடுங்கியெடுக்க முடியாது, அது தானே வரும்வரை பக்கத்தில் இருக்கத்தான் முடியும் என்பதை அச்சகோதரிகள் செய்துகாட்டினர்.

இனி அவர் வாழ்வின் நோவுமிகுந்த பக்கத்தையும் சொல்லவேண்டும், மறைப்பது நேர்மையன்று. 1898இல் அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. தந்தை, உடன் பணிபுரிந்த மருத்துவர் மொன்தெசானோ. திருமணம் நடக்கவில்லை, அவர் 1901இல் வேறொரு பெண்ணை மணந்தார். அக்காலத்தில் இது வெளிவந்திருந்தால் மரியாவின் தொழிலும் குடும்பப் பெயரும் ஒருங்கே போயிருக்கும். குழந்தை மாரியோ நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டான். அவர் இடையிடையே போய்ப் பார்த்துவருவார், தாம் யாரென்று சொல்லமாட்டார். உலகத்துத் தாய்மார்க்கெல்லாம் பிள்ளையைக் கேளுங்கள் என்று கற்பித்தவர், தம் பிள்ளை அம்மா என்று அழைப்பதைக் கேட்க வழியற்றிருந்தார். 1912 மார்கழியில் தம் தாயார் இறந்தபின்னரே, பதினைந்து வயதை நெருங்கிய மாரியோவைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். அப்போதும் ஊருக்குச் சொன்னது மருமகன், வளர்ப்புமகன் என்றுதான். இதை வைத்து அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் ஆயத்தமில்லை. ஆனால் அவருடைய நூல்களைப் படிக்கும்போது, பிள்ளையின் வாய்க்காகக் காத்திருக்கச் சொல்லும் இடங்களில் இந்த நினைவு எனக்கு வராமலிருப்பதில்லை.

முசோலினியின் ஆட்சியோடு ஒத்துப்போக முடியாமல் 1934இல் இத்தாலியை விட்டார். 1936இல் உள்நாட்டுப் போர் அவரை ஸ்பெயினிலிருந்தும் துரத்தியது. 1939 கார்த்திகையில், பிரமஞான சபையினரின் அழைப்பில், மாரியோவுடன் சென்னை அடையாறு வந்து சேர்ந்தார். கத்தோலிக்கரான இவர் அங்கே தங்குவதைக் குறித்துச் சிலர் முகம் சுளித்தனர். அவரோ எங்கே பிள்ளைகளுண்டோ அங்கே போவேன் என்றிருந்தார் போலும். ஏறக்குறைய முந்நூறு ஆசிரியர்கள் அவரிடம் பயில வந்தனர். அவர் இத்தாலிய மொழியிற் பேச, மாரியோ வசனம் வசனமாக ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார்.

1940 ஆனியில் இத்தாலி போரில் இறங்கியது. பிரித்தானிய அரசு மாரியோவைப் பகைநாட்டவராகச் சிறைமுகாமில் அடைத்து, அம்மையாரை அடையாற்றோடு கட்டுப்படுத்தியது. ஆவணி 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அன்று வைசிராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது: பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதாக. மருமகன் என்றோ வளர்ப்புமகன் என்றோ அதில் இல்லை, மகன் என்றே இருந்தது.

போர் முடியும்வரை இருவரும் இந்தியாவிலேயே தங்கினர். கொடைக்கானல் மலையிற் சிலகாலம் பள்ளி நடத்தினர். 1944இல் நமது இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர். நம் மொன்ரிசோரிகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1952ஆம் ஆண்டு வைகாசி மாதம் 6ஆம் நாள், ஒல்லாந்தின் கடற்கரை ஊரான நோர்ட்வைக்கில், மாரியோ பக்கத்திலிருக்க, அம்மையார் காலமானார். அங்குள்ள கத்தோலிக்க சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார். மரணசாசனம் திறக்கப்பட்டபோது, மாரியோவைத் தம் மகன் என்று அவர் தம் வாக்காகவே எழுதிவைத்திருந்தது தெரிந்தது. மாரியோவுக்கு அப்போது வயது ஐம்பத்துநான்கு.