பொன்னம்மாள் என்னும் தாய்

பொருநை பாயும் நம் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் என்றதும் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் பெயர் நினைவுக்கு வரும். அயர்லாந்தில் பிறந்து, 1896-இல் இம்மாவட்டத்திற்கு வந்து, 1951-இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தவர் அவர். அவருடைய தொண்டைப் போற்றாதார் இல்லை. ஆனால் அத்தொண்டுக்குத் தோள் கொடுத்த ஒரு தமிழ்ப் பெண்மணியை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அவர்தான் பொன்னம்மாள். அவரைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

பொன்னம்மாள் இளமையிலேயே கணவரை இழந்தவர். பூரிப்பு என்ற மகளுக்குத் தாய். கைம்பெண் என்றால் வீட்டின் மூலையே அவளுக்கு உலகம் என்றிருந்த காலம் அது. அந்த மூலையிலிருந்து வெளியே வந்து, மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்ற ஏமி அம்மையாரின் பெண்கள் குழுவில் சேர்ந்தார். நகைதான் பெண்ணுக்கு மதிப்பு என்று கருதிய ஊர்களில், தம் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு நடமாடினார். அதற்கு எத்துணை மனத்துணிவு வேண்டும் என்பதை நம் பாட்டிமார் அறிவர்.

1901-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பெருங்குளத்தில் தேவதாசியாக ஆக்கப்படவிருந்த சிறுமி ஒருத்தி தப்பி வந்து, பண்ணைவிளையில் ஏமி அம்மையாரிடம் அடைக்கலம் புகுந்தாள். அன்று தொடங்கியது குழந்தைகளைக் காக்கும் பணி. 1904-இல் பிறந்து சில நாட்களே ஆன சிசுக்களும் வரலாயினர். அவ்வாண்டு ஜூன் மாதத்திற்குள் டோனாவூரில் 17 குழந்தைகள் சேர்ந்துவிட்டனர்.

இங்கேதான் பெரும் சிக்கல் எழுந்தது. தாயற்ற சிசுவுக்குப் பாலூட்டிக் காப்பது எளிதா? பிறர் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஊர்ப் பெண்கள் முன்வரவில்லை. சிசுவைக் குளிப்பாட்டுவதும் துணி அலசுவதும் ஆயாக்களின் வேலை, படித்த பெண் செய்யத் தக்கதன்று என்பது அன்றைய எண்ணம். பொன்னம்மாள் அந்த எண்ணத்தை ஒதுக்கித் தள்ளினார். மருத்துவ உதவி அருகில் வேண்டுமென்பதால், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், மிஷன் ஆஸ்பத்திரியின் துணையுடன் குழந்தைகள் இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. அதன் பொறுப்பு பொன்னம்மாளுடையதாயிற்று.

பாலை அளந்து காய்ச்சுவது, பாத்திரங்களைக் கொதிநீரில் தூய்மை செய்வது, இரவில் ஒவ்வொரு தொட்டிலாகப் பார்த்து வருவது, உதவிப் பெண்களைப் பழக்குவது என அவர் நாட்கள் கழிந்தன. ஒரு சமயம் வயிற்றுக்கடுப்பு நோய் பரவிப் பல சிசுக்களைக் கொண்டுபோயிற்று. தம் கையால் வளர்த்தவற்றைத் தம் கையாலேயே துணியில் சுற்றிக் கொடுக்கும் கொடுமையை நினைத்துப் பாருங்கள். ஆயினும் அவர் தளரவில்லை. மீதியுள்ள தொட்டில்களை நோக்கித் திரும்பினார். பின்னர் அந்த இல்லம் டோனாவூருக்கே மாற்றப்பட்டது. அங்கே பணிபுரிந்த தமிழ்ப் பெண்களைப் பிள்ளைகள் அக்காள் என்றே அழைத்தனர். அழைப்பில் அக்காள், உழைப்பில் தாய்!

1913-இல் புற்றுநோய் அவரைப் பற்றியது. நாகர்கோவிலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறருக்குச் செவிலியாய் இருந்தவர் தாமே நோயாளியானார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வேதனையைத் தாங்கி, 1915-இல், முதுமையைக் காணாமலே மறைந்தார். ஏமி அம்மையார் அவர் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதி 1918-இல் வெளியிட்டார். பெண்களைத் தேவதாசிகளாக அர்ப்பணிப்பதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-இல். சட்டம் வருமுன்னே தொட்டிலை ஆட்டியவை இத்தகைய கைகள்.

பெற்றால்தான் தாய் என்பது உலக வழக்கு. பெற்ற ஒன்றோடு நில்லாமல், பெறாத பலருக்கும் தாயானவர் பொன்னம்மாள். பெரியதொரு பணிக்குத் தலைமை தாங்கியவரை வரலாறு எளிதில் நினைவில் வைக்கிறது. இரவெல்லாம் விழித்திருந்தவரை மறந்துவிடுகிறது. நம் மண்ணின் மகளை நாமாவது மறவாதிருப்போம். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இரவுப் பணியில் நிற்கும் செவிலியரைக் காணும்போது, ஏவலாளராக எண்ணாமல், பொன்னம்மாளின் வழிவந்தோராக மதிப்போம். அதுவே நாம் அவருக்குச் செலுத்தும் அஞ்சலி.