தீயை எடைபோட்ட அறிஞர்

விறகு எரிந்தபின் சிறிதளவு சாம்பலே எஞ்சுகிறது. ஆகவே, எரியும் பொருளிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய வேதியியலாளர் பலர் நம்பினர். அதற்குப் பிளாஜிஸ்டன் எனப் பெயரும் இட்டனர். ஆனால், காற்றில் சூடாக்கிய உலோகங்களோ எடை குறையாமல் கூடின. இம்முரண்பாட்டைத் தீர்த்தவர் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் லவாய்சியர்.

இவர் 1743ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் பாரிசில் பிறந்தார். சட்டம் பயின்றபோதிலும் இவரது உள்ளம் அறிவியலையே நாடியது. 1768இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் உறுப்பினரானார். அதே ஆண்டில், மன்னருக்காக வரி தண்டும் நிறுவனத்திலும் பங்கு பெற்றார். அவ்வருவாய் ஆய்வுக் கருவிகளுக்கு உதவியது. 1771இல் இவர் மணந்த மரி ஆங்கில நூல்களை மொழிபெயர்த்தும், ஆய்வுக்குறிப்புகளை எழுதியும், கருவிகளைப் படமாக வரைந்தும் ஆய்வில் துணைநின்றார்.

1772இல் பாஸ்பரஸையும் கந்தகத்தையும் எரித்த லவாய்சியர், அவை எடை கூடியதைக் கண்டார். பின்னர், வெள்ளீயத்தைக் கண்ணாடிக் கலத்துள் இட்டு, வாயை மூடிச் சூடாக்கினார். கலத்தின் மொத்த எடை மாறவில்லை. கலத்தைத் திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது, எடையும் கூடியது. உலோகம் உள்ளிருந்த காற்றின் ஒரு பகுதியைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது என்பது தெளிவாயிற்று.

அப்பகுதி எது? 1774இல் பாரிசுக்கு வந்த ஆங்கிலேய அறிஞர் பிரீஸ்ட்லி, பாதரசத்தின் செந்நிறத் தூளைச் சூடாக்கித் தாம் பெற்ற வாயுவில் மெழுகுவத்தி மிகுந்த ஒளியுடன் எரிந்ததைக் கூறினார். சுவீடனின் ஷீலேயும் அவ்வாயுவைத் தனியே கண்டறிந்திருந்தார். எனினும், பிரீஸ்ட்லி பிளாஜிஸ்டன் கொள்கையைக் கைவிடவில்லை. லவாய்சியர் பாதரசத்தைக் காற்றுடன் பன்னிரண்டு நாள் சூடாக்கினார். காற்றில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. செந்நிறத் தூள் தோன்றியது. எஞ்சிய காற்றில் சுடர் அணைந்தது. அத்தூளை மேலும் வெப்பப்படுத்த, குறைந்த வாயு மீண்டும் வெளிவந்தது. அதற்கு ஆக்சிஜன் எனப் பெயரிட்டார்.

எரிதல் என்பது பொருள் ஆக்சிஜனுடன் சேர்ந்து வெப்பமும் ஒளியும் தருவது என இவர் நிறுவினார். விறகும் அழிவதில்லை, அதன் கார்பன் கார்பன் டைஆக்சைடாகவும் ஹைட்ரஜன் நீராவியாகவும் மாறிக் காற்றில் கலக்கின்றன. சுவாசமும் மெதுவாக நிகழும் எரிதலே என்பதை லாப்லாஸ் என்பாருடன் இணைந்து ஆராய்ந்தார். 1789இல் வெளியிட்ட வேதியியல் நூலில், வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு மாறாது என்பதை அடிப்படையாகக் கொண்டார்.

அவ்வாண்டிலேயே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. வரி தண்டியோர் மீது மக்கள் கொண்டிருந்த சினம் இவரையும் சூழ்ந்தது. ஆய்வுக்கூடத்தை வளர்த்த வருவாயே இவர்மீது குற்றமாயிற்று. 1794ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், தம் மாமனார் உள்ளிட்ட வரி நிறுவனப் பங்குதாரர்களுடன் இவரும் கொல்லப்பட்டார். கணவரையும் தந்தையையும் ஒரே நாளில் இழந்த மரி, கணவரின் ஆய்வுக் கட்டுரைகளைப் பின்னர் நூலாக்கி வெளியிட்டார். இன்று மாணவர் சமன்செய்யும் ஒவ்வொரு வேதிச் சமன்பாட்டிலும் லவாய்சியரின் தராசு நிற்கிறது.